பெண் குழந்தைக்கு பெண்டா ஊசியைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். என் மகளுக்கு இப்போது ஒன்பது வாரம். பிறக்கும்போது 2.1 கிலோ, இப்போது 4 கிலோ. பிறந்த அன்றே பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி போட்டுவிட்டார்கள். ஆறாவது வாரத்து ஊசியை இன்னும் போடவில்லை. காரணம் என் அக்கா மகன். ஐந்து வயது ஊசி போட்ட இரண்டே மாதத்தில் அவனுக்கு சுகர் என்று தெரிந்து, தினமும் இன்சுலின் போடுகிறார்கள். ஊசிதான் உடம்பின் ஓட்டத்தையே மாற்றிவிட்டது என்கிறார் எங்கள் ஆயா. போனில் வந்த ஒரு வீடியோவில், ஆப்பிரிக்காவில் முத்தடுப்பு ஊசி போட்ட குழந்தைகள் ஐந்து மடங்கு அதிகமாக இறந்தார்கள், அதிலும் பெண் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல், பிசிஜி, அம்மை ஊசி போன்ற உயிருள்ள மருந்துகள்தான் நல்லவை என்று ஒருவர் பேசுகிறார். பெண்டாவை விட்டுவிட்டு ஒன்பதாம் மாத அம்மை ஊசியை மட்டும் போடலாமா? பிசிஜி போட்ட இடத்தில் தழும்பு வரவில்லை, திரும்பப் போட வேண்டுமா? என் கணவர் எனக்குத் தாய்மாமன். அதனால் ஊசியில் ஏதாவது பயம் உண்டா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வருகிற புதன்கிழமையே குழந்தையை உங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போய் பெண்டா (ஐந்து நோய்களுக்கும் சேர்த்துப் போடும் ஒரே ஊசி) முதல் தவணையைப் போட்டுவிடுங்கள். மூன்று வாரம் தள்ளிப்போனதை ஈடுகட்டிவிடலாம், இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுவதை ஈடுகட்ட முடியாது. காசநோய்க்கான பிசிஜியைத் திரும்பப் போட வேண்டாம். சொந்தத்தில் திருமணம் என்பது பற்றித் தனியாகச் சில கேள்விகள் கேட்க வேண்டும், கீழே கேட்கிறேன்.

உங்கள் பயத்தை வாட்ஸ்அப் வதந்தி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் இல்லை. வீடியோவில் பேசியவர் ஒன்றுமில்லாததிலிருந்து பேசவில்லை. உண்மையான ஆராய்ச்சி ஒன்றில் பாதியை எடுத்துச் சொல்லி, மீதிப் பாதியை விட்டுவிட்டார். அந்த மீதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு எடுக்க முடியும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி-பிசாவ் என்று ஒரு சின்ன நாடு. அங்கே 1978 முதல் பீட்டர் ஆபி என்ற டென்மார்க் ஆராய்ச்சியாளரின் குழு வீடு வீடாகக் குழந்தைகளைக் கணக்கெடுத்து வருகிறது. பாண்டிம் சுகாதாரத் திட்டம் என்று அதற்குப் பெயர். தட்டம்மை ஊசி அங்கே வந்ததும் குழந்தை இறப்பு குறைந்தது. தட்டம்மையால் இறந்துகொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை அளவுக்குக் குறைந்திருந்தால் வியப்பில்லை. அதைவிட அதிகமாகக் குறைந்ததுதான் கேள்வியைக் கிளப்பியது. ஒரு நோய்க்குப் போட்ட ஊசி வேறு நோய்களையும் தடுக்கிறதா? இதைத்தான் தடுப்பூசியின் குறிசாரா விளைவு என்கிறார்கள். அந்த விளைவு நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமி ஊசிகள் (பிசிஜி, தட்டம்மை) நல்ல பக்கம், உயிரில்லாத ஊசிகள் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு, இன்றைய பெண்டாவிலும் அது அடக்கம்) பெண் குழந்தைகளுக்குக் கெட்ட பக்கம் என்று அவர்களின் கணக்குகள் காட்டின.

தட்டம்மைக்கு எளிய விளக்கம் ஒன்றும் இருக்கிறது. மணல்வாரி வந்து இறங்கிய குழந்தை அடுத்த ஓரிரு ஆண்டுகள் வயிற்றுப்போக்கு, நிமோனியா என்று மாறி மாறிப் படுப்பதை வடசென்னைத் தாய்மார்கள் நன்றாக அறிவார்கள். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், ஊசி போடாத 77 நெதர்லாந்துக் குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அதுவரை மற்ற கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்புப் பொருளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்துபோயிருந்தது. அதாவது, தட்டம்மை உடம்பின் பழைய நினைவையே துடைத்துவிடுகிறது. ஊசி அந்தத் துடைப்பைத் தடுக்கிறது. ஊசி புதிதாக ஏதோ சக்தி கொடுக்கிறது என்று சொல்லாமலேயே மற்ற நோய்கள் குறைந்ததில் ஒரு பெரும்பகுதியை இப்படி விளக்கிவிடலாம்.

பிசிஜியின் கதை வேறு. நெதர்லாந்தில் மிஹாய் நேட்டியாவின் குழு, பிசிஜி போட்டவர்களின் ரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் காசநோய்க்குச் சம்பந்தமே இல்லாத கிருமிகளையும் வேகமாக எதிர்ப்பதைக் கண்டது. இதற்குப் ‘பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல்’ என்று 2011-ல் பெயர் வைத்தார்கள். உங்கள் ஆயா சொன்ன “உடம்பின் ஓட்டம்” இங்கேதான் வருகிறது. அந்த வெள்ளணு குளுக்கோஸை எரிக்கும் முறை மாறுகிறது. ஆக்சிஜனோடு நிதானமாக எரிப்பதை விட்டு, கிளைக்காலிசிஸ் என்ற வேகமான, சிக்கனமில்லாத வழிக்குத் திரும்புகிறது. அந்த மாற்றம் மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் குறிகளையும் மாற்றி, சில மாதங்களுக்கு அணுவை விழிப்போடு வைக்கிறது. ஆக, வளர்சிதை மாற்றம் மாறுவது உண்மை. ஆனால் அது வெள்ளணு ஒவ்வொன்றுக்குள்ளும் நடக்கும் வேலை. கணையத்தை அது தொடுவதில்லை, குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில்தான் வீடியோவின் பாதிப் பயம் பிறக்கிறது.

அந்தப் பயிற்சி உயிரைக் காப்பாற்றுமா என்பதைச் சோதித்தும் பார்த்தார்கள். கினி-பிசாவில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளில் சீட்டுக் குலுக்கலைப் போலப் பிரித்து, சிலருக்குப் பிறந்ததும் பிசிஜி, மற்றவர்களுக்குத் தாமதமாக என்று மூன்று ஆய்வுகள் நடந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முதல் 28 நாள் இறப்பு 38 சதவீதம் குறைவு. இந்தியாவிலும் 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளில் இதேபோல் இரண்டு ஆய்வுகள் செய்து 2019-ல் வெளியிட்டார்கள். இங்கே இறப்பு குறையவில்லை. டென்மார்க்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் பார்த்ததிலும், 15 மாதம் வரை மருத்துவமனையில் சேர்வது குறையவில்லை. கினி-பிசாவிலும் டென்மார்க்கிலும் போட்டது டென்மார்க் வகை பிசிஜி, இந்திய ஆய்வில் ரஷ்ய வகை. வகை மாறியதாலா, ஊர் மாறியதாலா, இறப்புக்கான காரணங்கள் வேறானதாலா என்பது இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஒரு ஊரில் கிடைத்த விடையை அப்படியே இன்னொரு ஊருக்குத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்பது மட்டும் தெளிவு. நமக்கு இது புதிதும் அல்ல. 1968-ல் பக்கத்துத் திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கிய மாபெரும் பிசிஜி ஆய்வுதான், வெளிநாடுகளில் நன்றாக வேலை செய்த ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இங்கே தடுக்கவில்லை என்று உலகத்துக்குச் சொன்னது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் காசநோயையும் அது நன்றாகத் தடுப்பதால்தான் இன்றும் பிறந்ததும் போடுகிறோம்.

இனி அந்த ‘ஐந்து மடங்கு’. அது 2017-ல் வெளியான ஆய்வு. கினி-பிசாவில் 1980களின் தொடக்கத்தில் முத்தடுப்பு ஊசி அறிமுகமானபோது மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தைகளின் பழைய பதிவேடுகளை எடுத்துக் கணக்கிட்டார்கள். ஊசி போட்டவர்களில் இறப்பு ஐந்து மடங்கு என்று வந்தது. ஆனால் அந்த ஐந்தைச் சுற்றி ஓர் எல்லை உண்டு, உண்மையான விடை ஒன்றரை மடங்கிலிருந்து பதினாறு மடங்குக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அதே கட்டுரை சொல்கிறது. எல்லை இவ்வளவு அகலமாவது, கணக்கில் வந்த இறப்புகள் மிகக் குறைவாக இருக்கும்போதுதான். நாலைந்து குழந்தைகள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறினாலே எண் தலைகீழாகிவிடும். வீடியோவில் இந்த எல்லையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை யாருக்கு ஊசி, யாருக்கு வேண்டாம் என்று ஆய்வாளர் பிரித்து நடத்தியவை அல்ல, நடந்ததைப் பின்னால் எண்ணியவை. கடைசியாகப் போட்ட ஊசி முத்தடுப்பாகவே நின்றுவிட்ட ஒரு வயதுக் குழந்தை யார் என்று யோசியுங்கள். ஒன்பதாம் மாத அம்மை ஊசிக்கு வராத குழந்தை. வீட்டில் வறுமை, அம்மாவுக்கு வேலை, குழந்தைக்கு அடிக்கடி உடம்பு சரியில்லை, ஏதோ ஒன்று அதைத் தடுத்திருக்கிறது. அதே காரணமே அந்தக் குழந்தையின் உயிருக்கும் ஆபத்தாகலாம், பழி ஊசியின் மேல் விழும். எதிர்ப்பக்கமும் பிழை நடக்கும். இறந்துபோன குழந்தையின் அட்டையை எந்த வீட்டிலும் பத்திரமாக வைத்திருப்பதில்லை. அட்டை இல்லாவிட்டால் ‘ஊசி போடாத குழந்தை’ என்று எழுதிவிடுவார்கள், ஊசி உண்மையைவிட நல்லதாகத் தெரியும்.

நம் மாநிலத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆறு மாதம் வரை பின்தொடர்ந்து 2005-ல் வெளியிட்டது. பிசிஜியோ முத்தடுப்போ போட்ட குழந்தைகளில் இறப்பு பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை குறைவாக இருந்தது, அதுவும் முக்கியமாகப் பெண் குழந்தைகளில். அதே ஆய்வில், இரண்டில் ஒன்றை மட்டும் பெற்ற பெண் குழந்தைகளைவிட இரண்டையும் பெற்றவர்களில் இறப்பு கூடுதலாகவும் தெரிந்தது. இந்த இரண்டாவது வரியை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. இதையெல்லாம் ஒன்றாக வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2014-ல் பரிசீலித்தது. பிசிஜிக்கும் தட்டம்மைக்கும் நல்ல விளைவு இருக்கலாம், முத்தடுப்பு பற்றிய சான்று ஒன்றுக்கொன்று முரணானது, பிழைக்கு மிகவும் இடம் கொடுப்பது, அட்டவணையை மாற்றப் போதாது என்பது அதன் முடிவு.

மருத்துவ உலகம் இப்படிப்பட்ட எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாது என்று வீடியோவில் சொல்லியிருந்தால், அது சரியல்ல. 1989-ல் உலக சுகாதார நிறுவனம், ஆறு மாதத்திலேயே போடுவதற்காக வைரஸ் அளவைப் பல மடங்கு கூட்டிய தட்டம்மை ஊசி ஒன்றைப் பரிந்துரைத்தது. கினி-பிசாவ், செனகல், ஹைதி ஆகிய நாடுகளில் அதைப் பெற்ற பெண் குழந்தைகளில் இறப்பு கூடியது தெரிந்ததும் 1992-ல் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள். இன்று ஒன்பதாம் மாதத்தில் போடும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி அந்த ஊசி அல்ல, வழக்கமான அளவுள்ளது.

சரி, குறிசாரா விளைவு பற்றிய அந்தக் கருத்து முழுவதும் உண்மை என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் திட்டம் பலன் தராது. பெண்டாவில் இருப்பது தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் கிருமி) என்ற ஐந்து நோய்களுக்கான மருந்து. கக்குவான் கொல்வது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள்ளான குழந்தைகளை. இந்த வயதில் ‘கூ’ என்ற இழுப்புச் சத்தம்கூட வராது. இருமும், நீலம் பாரிக்கும், மூச்சு நின்றுபோகும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், நீண்ட நாள் இருமும் பெரியவர் ஒருவரே இதைக் கொண்டுவரப் போதும். ஒன்பது மாதம் வரை காத்திருந்தால், குழந்தை மிகவும் ஆபத்தான மாதங்களை எந்தக் கேடயமும் இல்லாமல் கடக்கும். தொண்டை அடைப்பானும் ஒழிந்துவிடவில்லை. உலகில் பதிவான நோயாளிகளில் பெரும்பங்கு பல ஆண்டுகள் இந்தியாவில்தான் இருந்தது. குறிசாரா விளைவை நம்புகிறவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய நடைமுறைப் பாடம் ஒன்றே ஒன்று: ஒன்பது மாதம் நிறைந்த அடுத்த புதன்கிழமையே எம்.ஆர். போட்டுவிட வேண்டும், பத்து, பதினொன்று என்று இழுக்கக்கூடாது. அதை நீங்கள் தாராளமாகச் செய்யலாம்.

அக்கா மகனின் சுகர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வகை நீரிழிவு இரண்டு மாதத்தில் உருவாகும் நோய் அல்ல. கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடம்பே தாக்கத் தொடங்குவதற்கான அடையாளம், பல குழந்தைகளுக்கு ஒன்று முதல் மூன்று வயதுக்குள்ளேயே ரத்தத்தில் தெரிந்துவிடுகிறது. அந்த அணுக்களில் பெரும்பகுதி அழிந்த பிறகே தாகமும் சிறுநீரும் கூடும். அதற்குப் பல மாதங்கள், சில சமயம் பல ஆண்டுகள் ஆகும். இந்த நோய் அதிகமாக வெளிப்படும் வயதுகளில் ஒன்று ஐந்து முதல் ஏழு. இரண்டாவது பூஸ்டர் போடுவதும் ஐந்து, ஆறு வயதில். இரண்டும் ஒரே வயதில் விழுவதால் எந்தத் தாய்க்கும் ஒன்றால் மற்றது வந்ததாகவே தோன்றும்.

தோற்றத்தை விட்டு எண்ணிக்கையைப் பார்க்கலாம். டென்மார்க்கில் 1990 முதல் 2000 வரை பிறந்த 7,39,694 குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவையும் நீரிழிவுப் பதிவையும் இணைத்துப் பார்த்தார்கள். 681 பேருக்கு முதல் வகை நீரிழிவு. ஹிப், முத்தடுப்பு, போலியோ, எம்.எம்.ஆர். என எந்த ஊசியோடும் தொடர்பு இல்லை. கூடப் பிறந்தவருக்கு ஏற்கெனவே நீரிழிவு இருந்த குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் இல்லை. பின்லாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஹிப் ஊசியை மூன்று மாதத்திலோ இரண்டு வயதிலோ போட்டுப் பத்து வயது வரை கவனித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பெண்டாவில் உள்ள அலுமினிய உப்பு பற்றிக் கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. டென்மார்க்கில் 12 லட்சம் குழந்தைகளில் 50 நாள்பட்ட நோய்களை ஆராய்ந்து 2025-ல் வெளியிட்டார்கள், ஆபத்து கூடவில்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து 2007-ல் வந்த பிறகு ஆஸ்திரேலியாவில் நாலு வயது வரையிலான குழந்தைகளில் முதல் வகை நீரிழிவு 14 சதவீதம் குறைந்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. மற்ற எல்லா நாடுகளிலும் அப்படித் தெரியவில்லை, ஆகவே அதைப் பலன் என்று உறுதி சொல்ல மாட்டேன். பிசிஜி போட்டால் சுகர் இறங்கும் என்றும் சிலர் சொல்வார்கள். அது அமெரிக்காவில் நீண்ட நாள் நோயுள்ள பெரியவர்கள் சிலரிடம் மட்டும் செய்த மிகச் சிறிய ஆய்வு. அதை நம்பி அக்கா மகனின் இன்சுலினில் ஒரு யூனிட் கூடக் குறைக்கக்கூடாது.

அவனுக்கு இனி வரும் ஊசிகளையும் நிறுத்த வேண்டாம். ஊசி போட்ட இரண்டு நாள் காய்ச்சலால் சர்க்கரை ஏறலாம், சாப்பிடாவிட்டால் இறங்கலாம். அந்த 48 மணி நேரம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளுக்கோமீட்டரில் பாருங்கள், அடிப்படை இன்சுலினை நிறுத்தாதீர்கள், இன்சுலின் போடும் இடமும் தடுப்பூசி போட்ட இடமும் ஒன்றாக வேண்டாம்.

தாய்மாமனைக் கட்டியது பற்றி. சொந்தத்தில் திருமணம் ஊசிக்குத் தடை இல்லை. ஆனால் பிறவியிலேயே வரும் சில அரிய வளர்சிதை மாற்றக் கோளாறுகள் (யூரியா சுழற்சிக் குறைபாடு, ஆர்கானிக் அமிலக் கோளாறு போன்றவை) சொந்தத்தில் மணந்த குடும்பங்களில் கூடுதல். அத்தகைய குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும், எந்தப் பட்டினியும் ஆபத்து, ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலும் அதில் சேரும். ஆகவே இவற்றுக்கு விடை சொல்லுங்கள். உங்கள் வீட்டிலோ கணவர் வீட்டிலோ காரணம் தெரியாமல் கைக்குழந்தை இறந்ததுண்டா? உங்கள் மகள் பிறந்த முதல் வாரத்தில் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாளா? அடிக்கடி வாந்தி, வேகமான மூச்சு, வலிப்பு, உடம்பிலோ சிறுநீரிலோ வினோதமான வாடை உண்டா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால், 2.1 கிலோவிலிருந்து 4 கிலோவுக்கு வளர்ந்த குழந்தையைப் பற்றி இந்த வகையில் கவலைப்பட வேண்டாம். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் ஊசிக்கு முன் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதும் ஊசியை ரத்து செய்வதில்லை. இத்தகைய கோளாறுள்ள குழந்தைகளைப் பற்றி 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஊசி போட்ட பின் ஒரு மாதத்தில் அவர்கள் மருத்துவமனைக்கு வருவது கூடவில்லை. ஊசி தடுக்கும் நோய் வந்தால்தான் அவர்கள் மற்றவர்களைவிட மோசமாவார்கள். ஊசி போடும் நாளுக்கு ஒரு திட்டம் மட்டும் வேண்டும்: பகலும் இரவும் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை பால், வாந்தியெடுத்தால் காத்திராமல் மருத்துவமனை, மருத்துவர் எழுதிய அவசரக் கடிதம் கையில். ஃப்ரக்டோஸ் ஒவ்வாத பிறவிக் கோளாறு இருப்பதாகத் தெரிந்த குழந்தை என்றால், ரோட்டா சொட்டில் சர்க்கரை இருப்பதால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பிசிஜி தழும்பு: இரண்டு, மூன்று வாரத்தில் சின்னக் கொப்புளம், பிறகு புண், 12 வாரத்துக்குள் ஆறித் தழும்பு என்பது வழக்கம். உங்கள் மகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் இடது தோளைச் சாய்வாகப் பாருங்கள், லேசான பள்ளம் தெரியலாம். தெரியாவிட்டாலும் மறுபடி போடுவதில்லை. தழும்பு இல்லை என்பதால் பாதுகாப்பு இல்லை என்று ஆகாது. கொப்புளம் வந்தால் மஞ்சள், எண்ணெய், களிம்பு எதுவும் தடவாதீர்கள். இடது அக்குளில் சின்ன நெறி கட்டினால் பெரும்பாலும் தானே போகும். அது வேகமாகப் பெரிதாகி மெத்தென்று ஆனால் மட்டும் காட்டுங்கள், வீட்டில் கீறக்கூடாது.

புதன்கிழமை எடுத்துப்போக வேண்டியது தாய் சேய் நல அட்டை. தாமதமானதால் ஆறாவது வாரத்துக்குரியவை எல்லாம் ஒரே நாளில்: இடது தொடையில் பெண்டா 0.5 மி.லி., வலது தொடையில் நிமோனியாவுக்கான பி.சி.வி. 0.5 மி.லி., வலது மேல் கையில் தோலுக்குள் போலியோ ஊசி 0.1 மி.லி., வாயில் போலியோ சொட்டு இரண்டு, ரோட்டா சொட்டு. மூன்று குத்து ஒரே நாளில் வேண்டாம், பிரித்துப் போடலாம் என்று தோன்றும். பிரித்தால் அழுகை மூன்று நாளாகும், பாதுகாப்பு தாமதமாகும், வேறு லாபம் இல்லை. பிறகு நான்கு வாரம் கழித்து, 13வது வாரத்தில், பெண்டாவும் இரண்டு சொட்டுகளும். 17வது வாரத்தில் பெண்டா மூன்றாவது, பி.சி.வி. இரண்டாவது, போலியோ ஊசி இரண்டாவது, சொட்டுகள். ஒன்பது மாதம் நிறைந்ததும் எம்.ஆர்., பி.சி.வி. பூஸ்டர், மூன்றாவது போலியோ ஊசி, ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ. ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்தான் வரும்.

தனியார் மருத்துவமனையில் ‘வலி இல்லாத ஊசி’ என்று சொல்வது கக்குவான் கிருமியை முழுதாகச் சேர்க்காத வகை. காய்ச்சல் குறைவு, ஆனால் கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பும் சீக்கிரம் தேய்கிறது. அரசு நிலையத்தில் இலவசமாகப் போடும் பெண்டா அதைவிடத் தாழ்ந்தது என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டாம்.

அன்று மாலை முதல் இரண்டு நாள் காய்ச்சல், தொடை வீக்கம், சிணுங்கல் இருக்கும். காய்ச்சல் வருவதற்கு முன்பே மருந்து கொடுக்காதீர்கள். முன்கூட்டிக் கொடுத்தால் எதிர்ப்பாற்றல் கொஞ்சம் குறைகிறது என்று 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. வந்தபின் பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. உங்கள் மகள் 4 கிலோ, ஆக 60 மி.கி. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. கடையில் சொட்டு மருந்து ஒரு மி.லி.யில் 100 மி.கி., சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. அல்லது 250 மி.கி. எனப் பல வீரியத்தில் இருக்கும். சொட்டு மருந்து என்றால் 0.6 மி.லி., 125 சிரப் என்றால் 2.4 மி.லி. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு பாட்டிலிலிருந்து எடுத்தால் நாலு மடங்கு மருந்து போய்விடும், கல்லீரல் கெடும். புட்டியின் மேல் எழுதியதைப் படித்து, அதோடு வந்த குழாயிலேயே அளங்கள். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். மெஃபனமிக் அமிலம் சேர்ந்த மருந்து வேண்டாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது.

ஆயாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்: வசம்பு உரைத்து ஊற்றுவதும் கிரைப் வாட்டரும் வேண்டாம். காய்ச்சலுக்குக் கற்பூரம் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை நெஞ்சில் தேய்க்கவே கூடாது, கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். அந்த வலிப்பின் பழியும் ஊசியின் மேல்தான் விழும். வீக்கத்துக்குத் தண்ணீரில் நனைத்த துணி போதும், வெந்நீர் ஒத்தடமும் தேய்த்துவிடுவதும் வேண்டாம். வலியில்லாத சின்னக் கட்டி சில வாரம் இருந்து மறையும். மெல்லிய ஒரே துணி, அடிக்கடி தாய்ப்பால், அவ்வளவே.

உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ போக வேண்டியவை: 39 டிகிரி செல்சியஸுக்கு (102 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல் அல்லது இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், மூன்று மணி நேரம் ஓயாத அழுகை, வெளுத்துத் துவண்டுபோதல், வலிப்பு, பால் குடிக்க மறுத்தல், மூச்சுத் திணறல். ரோட்டா சொட்டுக்குப் பின் முதல் வாரத்தில், விட்டுவிட்டுக் காலை மடக்கி அலறுவதும் பச்சை வாந்தியும் மலத்தில் ரத்தமும் வந்தால் குடல் செருகலாக இருக்கலாம், அதற்கு ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள். ஊசிக்குப் பின் நடந்தது எதுவானாலும் ஊசி போட்ட செவிலியரிடமும் சொல்லுங்கள், பதிவு செய்வது அவர் வேலை.

உங்கள் மகளுக்கு வருங்காலத்தில் சுகர் வருமோ என்ற கவலை மனதில் இருக்கும். கூடப் பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஐந்தாறு பேருக்கு வரும், பெரியம்மா மகனுக்கு இருப்பதால் கூடும் ஆபத்து அதைவிட மிகச் சிறியது. அவள் வளர்ந்த பிறகு, எப்போதாவது தாகம் அடங்காமல் தண்ணீர் கேட்டாலோ, படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடி நனைத்தாலோ, நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தாலோ, அன்றே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். 200-க்கு மேல் இருந்தால் மறுநாள் வரை வைக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.